முதல் ஆறு மாதம்: எடைப் பயிற்சியை நடுவில் விடாமல் இருக்க, கடலூர்–புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

திங்கட்கிழமை சாயங்காலம் மஞ்சக்குப்பத்திலோ லாஸ்பேட்டையிலோ ஏதாவது ஒரு ஜிம்முக்குள் எட்டிப் பாருங்கள். பென்ச் பிரஸ்ஸைச் சுற்றி ஆறேழு பேர் முறை வைத்து நிற்பார்கள். ஸ்குவாட் ரேக் காலியாகக் கிடக்கும். அதன் கம்பியில் யாருடைய பையோ, வேர்வையில் நனைந்த துண்டோ தொங்கும். திங்கள் என்றால் செஸ்ட் என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் எல்லோரும் அதை மதிக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவரும் அந்த வரிசையில்தான் போய் நிற்பார். செவ்வாய் பைசெப்ஸ், புதன் முதுகு, வியாழன் தோள் என்று வாரம் நகரும். வெள்ளிக்கிழமை காலுக்கான முறை வரவேண்டும். அன்றைக்கென்று யாருக்காவது கல்யாண வரவேற்பு இருக்கும்.

இப்படிச் சேர்பவர்கள் நின்றுபோவது எடை கனத்துப்போவதால் அல்ல. இடையில் ஏழெட்டு நாள் விட்டுப்போகும். மழை, காய்ச்சல், திருவிழா, ஷிஃப்ட் மாற்றம் என்று ஏதோ ஒன்று. திரும்பிப் போக நினைக்கும்போது எந்த எடையில் விட்டோம் என்று நினைவிருக்காது, அதைத் தூக்க முடியுமா என்று பயமாக இருக்கும், மாஸ்டர் ஏதாவது சொல்வாரோ என்று கூச்சம் வேறு. சரி, ஒண்ணாம் தேதியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த ஒண்ணாம் தேதி வருவதே இல்லை. அதனால் எதைத் தூக்குவது என்பதோடு, விட்டுப்போனால் எப்படித் திரும்புவது என்பதையும் முதல் நாளே முடிவுசெய்து வைத்துவிட வேண்டும். இரண்டையும் கீழே சொல்லியிருக்கிறேன். இரண்டாவதற்குத்தான் கூடுதல் இடம்.

தொடங்குமுன் ஒன்று. ரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு, குடலிறக்கம், டிஸ்க் பிரச்சினை உள்ளவர்களும், கர்ப்பமாக இருப்பவர்களும், பல வருடம் உடம்பை அசைக்காமல் நாற்பதைத் தாண்டியவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கனமான எடையைத் தூக்கும்போது மூச்சைப் பிடிக்கிறோம்; அந்தச் சில நொடிகளில் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அதற்காகத்தான் சொல்வது.

ஜிம் பார்க்கும்போது

ஏசி, கண்ணாடிச் சுவர், பாட்டு இதெல்லாம் இரண்டாம்பட்சம். பிளேட் மாட்டும் நீளமான இரும்புப் பார், அதைத் தாங்க ஒரு ரேக், ஒரு தட்டையான பென்ச், டெட்லிஃப்ட் போட, அதாவது தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர, பார் முழுசாகக் கிடக்கும் அளவு காலித் தரை, இவ்வளவு இருந்தால் போதும். ரேக்கின் இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பி மாட்ட வசதி இருக்கிறதா என்று பாருங்கள். எழுந்திருக்க முடியாமல் போனால் எடை அந்தக் கம்பியில் போய் உட்காரும், உங்கள் கழுத்தில் அல்ல.

எந்த நேரத்தில் போகப்போகிறீர்களோ அந்த நேரத்திலேயே போய்ப் பாருங்கள். காலை பதினொரு மணிக்குக் காலியாக இருக்கும் ஜிம், மாலை ஏழு மணிக்குப் பேருந்து நிலையம் மாதிரி இருக்கும். தூரமும் முக்கியம். அரியாங்குப்பத்தில் குடியிருந்துகொண்டு லாஸ்பேட்டையில் பெரிய ஜிம் இருக்கிறது என்று சேர்ந்தால், மாலையில் இந்திரா காந்தி சிலை சிக்னலையும் ராஜீவ் காந்தி சிலை சிக்னலையும் தாண்டிப் போவதற்குள் உற்சாகம் வடிந்துவிடும். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே, போகிற வழியில் இருக்கும் சுமாரான ஜிம்மே நல்ல ஜிம்.

நம் ஊர்க் கடற்காற்றுக்கு இரும்பு தாங்காது. கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜிம்களில் பாரைப் பிடித்துவிட்டுப் பார்த்தால் உள்ளங்கையில் செம்பழுப்பாகத் துரு ஒட்டியிருக்கும். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஒரு பழைய துணியால் துடைத்தால் போதும். ஆனால் பாரின் எடையை மட்டும் யார் வாய்ச்சொல்லையும் நம்பாதீர்கள். ஒலிம்பிக் பளுதூக்கும் போட்டிகளில் ஆண்களுக்கான பார் 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. உள்ளூர் ஜிம்மில் கிடக்கும் மெல்லிய ராடு ஏழெட்டுக் கிலோவாகவும் இருக்கலாம், பத்துக்கு மேலேயும் இருக்கலாம். எடை பார்க்கும் மெஷினில் முதலில் நீங்கள் ஏறுங்கள், பிறகு ராடைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள், கழித்துப் பாருங்கள். அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கொக்கியில் தொங்கும் மூன்று ராடுகளும் மூன்று எடையாக இருந்தால் எப்போதும் ஒரே ராடையே எடுங்கள்.

ஷெட்யூல்

வாரத்துக்கு மூன்று நாள். இரண்டு வகை நாட்கள், மாற்றி மாற்றி.

ஏ நாள்: ஸ்குவாட் (பாரை மேல்முதுகில் வைத்து உட்கார்ந்து எழுவது), பென்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட்.
பி நாள்: ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ் (நின்றபடி தலைக்கு மேல் தூக்குவது), பார்பெல் ரோ (குனிந்து நின்று பாரை வயிற்றை நோக்கி இழுப்பது).

எல்லாமே ஐந்து ரெப், மூன்று செட். ஒரு தடவை தூக்கி இறக்கினால் ஒரு ரெப், இடையில் ஓய்வில்லாமல் செய்யும் ரெப்கள் சேர்ந்தது ஒரு செட். டெட்லிஃப்ட் மட்டும் ஐந்து ரெப் ஒரே செட். அது உடம்பை அடித்துப்போடும், அதற்கு மேல் புதியவருக்குத் தேவையில்லை. முதல் வாரம் ஏ, பி, ஏ. அடுத்த வாரம் பி, ஏ, பி. நடுவே ஒரு நாளாவது இடைவெளி. அவ்வளவுதான்.

உலகம் முழுக்கப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஷெட்யூல்கள் பெரும்பாலும் இந்த வடிவத்தை ஒட்டித்தான் இருக்கும். புதியவரின் உடம்பு ஒரு பயிற்சியிலிருந்து இரண்டு நாளுக்குள் தேறிவிடும். அதனால் ஒரே அசைவை வாரத்தில் இரண்டு மூன்று தடவை செய்யலாம், செய்யச் செய்யத்தான் அது பழகும். இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. திங்கள் செஸ்ட், வெள்ளி கால் என்று பிரித்து வைத்தால், ஒரு வெள்ளிக்கிழமை விட்டுப்போனால் காலுக்குப் பதினாலு நாள் லீவு. இந்த முறையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் நாலைந்து நாளில் மறுபடி ஸ்குவாட் வந்து நிற்கும். விட்டுப்போவதைத் தாங்கும்படி கட்டப்பட்ட ஷெட்யூல் இது.

மாஸ்டர் கேட்பார். பேச்சு அநேகமாக இப்படிப் போகும்:

“இன்னாப்பா, இன்னிக்கு செஸ்ட் போடலையா?”

“ஸ்குவாட்ல ஆரம்பிக்கிறேண்ணே. பென்ச் அப்புறமா.”

“ஒரே நாள்ல எல்லாத்தையும் போட்டா உடம்பு தாங்காதுப்பா.”

“மூணே ஐட்டம்தாண்ணே. மூணு மாசம் பண்ணிப் பாக்கறேன். சரியா வரலைன்னா நீங்க சொல்ற மாதிரி பண்றேன். முதுகு வளையுதான்னு மட்டும் கொஞ்சம் பாருங்கண்ணே.”

கடைசி வாக்கியம் முக்கியம். வாதாடி ஜெயிக்க வேண்டியதில்லை. பல வருடம் ஜிம்மில் நின்றவருக்கு முதுகு வளைவதும் முட்டி உள்ளே போவதும் ஒரு பார்வையில் தெரியும். அந்தக் கண்ணைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு லாபம், திங்கட்கிழமை எல்லோரும் பென்ச்சில் இருக்கும்போது ரேக் உங்களுக்கே உங்களுக்கு. பையை மட்டும் எடுக்கச் சொல்ல வேண்டும்.

பெண்களுக்கும் இதே ஷெட்யூல்தான். எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி உடம்பு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். ஆண்களே அதற்கு வருடக்கணக்கில் படாதபாடு படுகிறார்கள். 20 கிலோ பாரைத் தலைக்கு மேல் தூக்குவது தொடக்கத்தில் பலருக்கும் முடியாது. மெல்லிய ராடிலோ டம்பெல்லிலோ தொடங்கலாம்.

எவ்வளவு எடையில் தொடங்குவது

வெட்கப்படும் அளவுக்குக் குறைவாக. ஸ்குவாட், பென்ச், பிரஸ் மூன்றுக்கும் வெறும் பார். பிளேட் இல்லாமல் பாரை மட்டும் தூக்குவதைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். எல்லோரும் கண்ணாடியில் தங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒவ்வொரு தடவையும் 2.5 கிலோ ஏற்றுங்கள், பக்கத்துக்கு 1.25. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் மூன்று நாள் ஸ்குவாட் போட்டால் நான்கு வாரத்தில் பன்னிரண்டு தடவை. 20 கிலோவில் தொடங்கியவர் பன்னிரண்டாவது தடவை 47.5 கிலோவை முதுகில் வைத்திருப்பார். இன்னும் நான்கு வாரம் போனால் 77.5. இது தாளில் வரும் கணக்கு, பலருக்கு அதற்கு முன்னாலேயே தடுமாற்றம் வரும். இருந்தாலும் 20 என்பது எவ்வளவு வேகமாகப் பின்னால் போய்விடும் என்று புரியும். முதல் நாளே 60 கிலோ போட்டுக் காட்டியவர் இரண்டாம் வாரத்தில் சுவரில் முட்டிக்கொள்வார். அதோடு, மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த வலிக்கே பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள்.

நம் பக்கத்து ஜிம்களில் ஒரு சிக்கல், 1.25 கிலோ பிளேட் பல இடங்களில் இருக்காது. மிகச் சின்னது 2.5 ஆக இருந்தால், இரண்டு பக்கமும் போடும்போது ஒரே தாவில் 5 கிலோ ஏறும். ஸ்குவாட்டுக்குச் சமாளிக்கலாம். ஓவர்ஹெட் பிரஸ்ஸில் 25-லிருந்து 30-க்குப் போவது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல், தோள் ஒத்துக்கொள்ளாது. இரண்டு வழி உண்டு. ஒன்று, விளையாட்டுச் சாமான் கடையில் சொந்தமாக ஒரு ஜோடி 1.25 பிளேட் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது. நான் சொல்வேன், புரோட்டீன் டப்பாவுக்கு முன்னால் வாங்க வேண்டியது இதுதான். இன்னொன்று, எடையை ஏற்றாமல் ரெப்பை ஏற்றுவது. 25 கிலோவில் ஐந்து, அடுத்த தடவை ஆறு, பிறகு ஏழு, எட்டு. மூன்று செட்டும் எட்டு வந்தபின் 30 கிலோவுக்குப் போய் மறுபடி ஐந்திலிருந்து.

தூக்கும் முறை

எழுத்தில் படித்து இதைக் கற்றுக்கொள்ள முடியாது. வீடியோ பாருங்கள், மாஸ்டரிடம் கேளுங்கள், உங்கள் போனைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து நீங்களே படம்பிடித்துப் பாருங்கள். கவனிக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

ஸ்குவாட்டில் பார் கழுத்தெலும்பின் மேல் உட்காரக்கூடாது. தோள்பட்டைகளை ஒன்று சேர்த்தால் மேல்முதுகில் ஒரு சதை மேடு எழும்பும், அதன் மேல்தான். கால்கள் தோள் அகலம், விரல்கள் லேசாக வெளியே. இடுப்பு மடிப்பு முட்டிக்குக் கீழே போகும்வரை இறங்குங்கள். பாதி இறங்கி எழுந்தால் எடை ஏறும், பலம் ஏறாது. மெத்தென்று இருக்கும் ஓட்டக்காலணி வேண்டாம், கால் ஆடும். தட்டையான கான்வாஸ் ஷூ போதும்.

டெட்லிஃப்ட்டில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம். பெரிய ஒலிம்பிக் பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதை மாட்டினால் பார் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். அந்த உயரத்திலிருந்து தூக்குவதாகத்தான் எல்லா வீடியோவிலும் காட்டுவார்கள். இங்கே 5 கிலோ, 10 கிலோ இரும்பு பிளேட்டுகள் சாப்பாட்டுத் தட்டு அளவுதான். பார் கணுக்காலுக்குப் பக்கத்தில் கிடக்கும். அங்கிருந்து எடுக்கக் குனிந்தால் முதுகு வளையாமல் இருக்காது. இரண்டு பக்கமும் கட்டையோ, வேறு பிளேட்டுகளையோ அடுக்கி, பாரை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே கொண்டுவந்துவிட்டுத் தூக்குங்கள். தூக்கியதை டமாரென்று போடாதீர்கள். நம் ஜிம்களில் பாதி, கடைகளுக்கு மேல் மாடியில் இருக்கின்றன. கீழே இருப்பவர் ஒரு தடவை ஏறி வருவார், அடுத்த தடவை ஓனர் உங்கள் டெட்லிஃப்ட்டையே நிறுத்திவிடுவார்.

பென்ச் பிரஸ்ஸைத் தனியாகப் போடுவதாக இருந்தால் பிளேட்டுக்கு வெளியே கிளிப் மாட்டாதீர்கள். எழுப்ப முடியாமல் மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டை நழுவவிட்டுத் தப்பிக்கலாம். கட்டைவிரல் பாரைச் சுற்றியே இருக்கட்டும். யாரையாவது ஸ்பாட் பிடிக்க, அதாவது எடை எழாவிட்டால் கைகொடுக்க, நிற்கச் சொன்னால், “நான் சொல்லாம கை வைக்காதீங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் ரெப்பிலிருந்தே அவரும் சேர்ந்து தூக்குவார், நோட்டில் யார் எடையை எழுதுவது என்று தெரியாது. ரோவும் பிரஸ்ஸும் இவ்வளவு வம்பு பண்ணாதவை. முதுகை நேராகவும் வயிற்றை இறுக்கமாகவும் வைத்துக்கொண்டால் போதும்.

வார்ம் அப்புக்கு டிரெட்மில்லில் இருபது நிமிடம் ஓட வேண்டாம். அன்றைக்கு 60 கிலோ ஸ்குவாட் என்றால், வெறும் பாரில் ஐந்து ரெப் இரண்டு செட், 30-ல் ஐந்து, 40-ல் மூன்று, 50-ல் இரண்டு, அப்புறம் 60. நிஜமான செட்டுகளுக்கு நடுவே மூன்று நிமிடமாவது உட்காருங்கள். சும்மா உட்கார்ந்திருப்பதாகப் பக்கத்தில் இருப்பவர் நினைப்பார், நினைக்கட்டும். அவசரப்பட்டால் மூன்றாவது செட்டில் ஐந்தாவது ரெப் வராது. இந்தப் புழுக்கத்தில் வேர்வை வழிந்து கை வழுக்கும். இரண்டு துண்டு கொண்டுபோங்கள், ஒன்று முகத்துக்கு, ஒன்று கைக்கு. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் கூட வைத்துக்கொள்வது நல்லது.

நோட்டு

போன் ஆப்பைவிட நாற்பது பக்க நோட்டு மேல் என்பது என் கட்சி. போனை எடுத்தால் அதில் வேறு நூறு விஷயம் இருக்கிறது. ஒரு நாளுக்கு ஐந்து வரி போதும்:

பிப். 12. ஏ.
ஸ்குவாட் 42.5 — 5, 5, 5
பென்ச் 32.5 — 5, 5, 4
டெட் 60 — 5
தூக்கம் 5 மணி. பென்ச் 32.5 திரும்ப.

கடைசி வரிதான் உயிர். அடுத்த தடவை என்ன போட வேண்டும் என்பதை ஜிம்மிலிருந்து கிளம்புமுன்பே எழுதிவிடுங்கள். அடுத்த முறை நாளை மறுநாளாக இருந்தாலும், இருபது நாள் கழித்து என்றாலும், யோசிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

விட்டுப்போனால்

நோட்டின் பின்அட்டையில் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் செய்ய வேண்டாம். விட்ட நாளைத் தொடருங்கள்; ஏ விட்டுப்போனால் அடுத்து ஏதான். ஈடுகட்டுவதற்காக அடுத்தடுத்து இரண்டு நாள் போவதும், ஒரே நாளில் இரண்டையும் போடுவதும் கூடாது.

ஒரு வாரம் விட்டால் கடைசியாகத் தூக்கிய அதே எடை. ஏற்ற வேண்டாம், இறக்கவும் வேண்டாம்.

இரண்டு வாரம் என்றால் பத்து சதவீதம் குறைத்து. ஸ்குவாட் 60 என்றால் 55-ல் தொடங்கலாம். 54-க்குப் பிளேட் தேடி அலைய வேண்டாம்.

ஒரு மாதம் என்றால் நாலில் ஒரு பங்கு குறைத்து. 60 என்றால் 45.

அதற்கு மேல் போய்விட்டால் வெறும் பாரிலிருந்து. ஆனால் இந்தத் தடவை 5 கிலோவாக ஏறலாம். ஒரு தடவை பெற்ற பலம் இரண்டாம் முறை சீக்கிரம் திரும்பும். முதலில் மூன்று மாதம் எடுத்தது, ஒன்றிரண்டு மாதத்தில் வந்து நின்றாலும் ஆச்சரியமில்லை.

காய்ச்சலுக்கு மட்டும் கணக்கு வேறு. விட்டுப்போன நாட்களைக் காய்ச்சல் விட்ட நாளோடு எண்ணி முடிக்கக்கூடாது. பழையபடி சாப்பிட்டுத் தூங்க ஆரம்பித்த நாள்வரை எண்ண வேண்டும். டெங்கு வந்திருந்தால் டாக்டர் சரி சொன்ன பிறகுதான். சிக்குன்குனியா வந்தவருக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். எந்த எடையில் விட்டிருந்தாலும் வெறும் பாரோடு, அதுவும் மூட்டு அனுமதிக்கும் ஆழம் வரைதான். சதைவலிக்கும் மூட்டுவலிக்கும் வித்தியாசம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தொடை முழுக்கக் கனத்து வலித்தால் அது சதை, தானே போய்விடும். தூக்கும்போதே ஒரு புள்ளியில் சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு அந்த அசைவை நிறுத்துங்கள். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் ஜிம்மையே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு.

திரும்பி வரும் முதல் நாளுக்கு ஒரே வேலைதான்: நோட்டில் அந்த ஐந்து வரியை எழுதுவது. இன்னும் தூக்கலாம் போல இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். மாஸ்டர் “எங்கப்பா ஆளையே காணோம்” என்று ஒரு தடவை கேட்பார். “வேலைண்ணே” என்றால் முடிந்தது.

ஷிஃப்ட் வேலை செய்பவர்களுக்கு, சிப்காட் ஆனாலும் நெய்வேலி ஆனாலும், திங்கள்–புதன்–வெள்ளி என்பது நடக்காத காரியம். ஷெட்யூலைக் கிழமையோடு கட்டாமல் வரிசையோடு கட்டுங்கள். ஏ முடிந்தால் பி, பி முடிந்தால் ஏ, நடுவே ஒரு நாளாவது ஓய்வு. சில வாரம் மூன்று வரும், சில வாரம் இரண்டுதான் வரும். இரண்டு வந்தாலும் பலம் கூடிக்கொண்டுதான் இருக்கும், கொஞ்சம் மெதுவாக. நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு நேராக ஜிம்முக்குப் போகாதீர்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, சாயங்காலம் போங்கள்.

நேரம் இல்லாத நாளுக்கு ஒரு அரை ஷெட்யூல் வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்குவாட், அன்றைய பிரஸ், அவ்வளவுதான். அரை மணியில் முடியும். டெட்லிஃப்ட்டோ ரோவோ விட்டுப்போனதற்கு வருத்தப்பட வேண்டாம்.

நம் ஊர் நாட்காட்டி

இங்கே எப்போது எல்லாம் தடைபடும் என்பது முன்கூட்டியே தெரியும், அதையும் கணக்கில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. புயல் என்றால் நமக்குச் சொல்லவே வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் வந்து ஊரையே வெள்ளக்காடாக்கியது. அதனால் முதல் தடவையாகத் தொடங்க நல்ல நேரம் பொங்கல் முடிந்த வாரம். தை, மாசி, பங்குனி முழுக்க வெயிலும் அதிகம் இராது, மழையும் இராது. சித்திரைக்குள் பழக்கம் பிடித்துவிடும். அக்டோபரில் சேர்ந்து, மூன்றாம் வாரமே மழையில் உட்கார்ந்துவிடுவதைவிட இது மேல். ஏற்கெனவே அக்டோபரில்தான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், பரவாயில்லை, தொடங்கிவிடுங்கள். பின்அட்டை விதிகளுக்குச் சீக்கிரம் வேலை வரும், அவ்வளவுதான்.

ஜிம் மூடியிருக்கும் மழை நாளுக்கு வீட்டில் இருக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் போதும். தண்ணீர் மட்டுமே 20 கிலோ. நெஞ்சோடு அணைத்துப் பிடித்து ஸ்குவாட் போடலாம், குனிந்து இழுத்து ரோ போடலாம். பத்து கிலோ அரிசிப் பையை முதுகுப்பைக்குள் வைத்துத் தண்டால் எடுக்கலாம். ரெப்பை மட்டும் பத்து, பதினைந்து என்று கூட்டிக்கொள்ளுங்கள். இதையும் நோட்டில் எழுதுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில், மே மாதம் முழுக்கவே, விடியற்காலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. அந்த நாட்களில் எடை ஏறாவிட்டாலும் கவலைப்படாதீர்கள், அதே எடையில் நின்றாலே போதும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் தீர்த்தவாரி. ஜிம் திறந்திருந்தாலும் வண்டி போகாது. அதை முன்கூட்டியே ஓய்வு நாளாக்கிவிடுங்கள். ஓய்வு நாளில் நடை நல்லது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி கிடையாது, கடலூர்க்காரர்களுக்குச் சில்வர் பீச் இருக்கிறது. புதுச்சேரி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: சனிக்கிழமை ராத்திரி உங்களுக்கு வேறு வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையை ஷெட்யூலில் வைக்காதீர்கள்.

சாப்பாடும் தூக்கமும்

எடைப் பயிற்சி செய்பவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 60 கிலோ ஆள் என்றால் 96 கிராம். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.) நம் சாப்பாட்டில் எண்ணிப் பார்ப்போம். மூன்று முட்டையில் 18. அரை லிட்டர் பாலோ தயிரோ 16. மத்தி மீன் 150 கிராம், 30. ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் கூடுதலாக, 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10. இட்லி, சோறு, பருப்பு எல்லாம் சேர்த்து ஓர் இருபது, இருபத்தைந்து. வந்துவிட்டது. கடலூர் துறைமுகத்தில் மத்தி மலிவாகக் கிடைக்கும்போது டப்பா பவுடருக்குக் காசு கொடுப்பானேன்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, மீன் விலை ஏறும். அப்போது முட்டையைக் கூட்டுங்கள், கோழி சேருங்கள். புரட்டாசியிலும், மாலை போட்டிருக்கும் கார்த்திகையிலும் அசைவம் கிடையாது என்றால் சோயா உருண்டை கைகொடுக்கும். காய்ந்தது 50 கிராமில் 26 கிராம் புரதம். பண்ருட்டிப் பக்கம் இருப்பவர்கள் முந்திரியை நம்ப வேண்டாம், அதில் புரதத்தைவிடக் கொழுப்பு இரண்டு மடங்குக்கு மேல். அதற்கு வேர்க்கடலை எவ்வளவோ மேல்.

ஜிம் மேஜையில் லேபிள் இல்லாத பவுடரையோ, “சீக்கிரம் ஏறும்” என்று ஊசியையோ யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். இதில் இரண்டாம் பேச்சு இல்லை.

தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால் நோட்டில் உடனே தெரியும். மேலே காட்டிய பென்ச் வரியைப் பாருங்கள்.

எடை நின்றுபோனால்

ஒரே எடையில் ஐந்து ரெப் வராமல் போனால் அடுத்த தடவை அதையே முயலுங்கள். தொடர்ந்து மூன்று தடவை வரவில்லை என்றால் அந்த அசைவில் மட்டும் பத்து சதவீதம் இறக்கி மறுபடி ஏறி வாருங்கள். மற்றவை பாட்டுக்கு ஏறட்டும். முதலில் நிற்பது பெரும்பாலும் ஓவர்ஹெட் பிரஸ், கடைசியில் நிற்பது டெட்லிஃப்ட். இந்த நேரத்தில்தான் யாராவது வந்து புது ஷெட்யூல் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், மாற்றாதீர்கள். முதலில் மூன்றைச் சரிபாருங்கள்: தூங்கினேனா, சாப்பிட்டேனா, செட்டுக்கு நடுவே மூன்று நிமிடம் உட்கார்ந்தேனா.

ஒரே அசைவில் இரண்டு மூன்று தடவை இறக்கி ஏறியும் அதே இடத்தில் நின்றால், பலருக்கு நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள், ஒவ்வொரு தடவையும் ஏற்றும் காலம் முடிந்தது என்று அர்த்தம். அப்போது எடையை வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் ஏற்றுங்கள். ஒரு நாள் கனமாக, அடுத்த நாள் அதில் எண்பது சதவீதம், மூன்றாம் நாள் 2.5 கிலோ கூட்டி முயற்சி. அசைவுகள் அதேதான், நோட்டும் அதேதான். நாற்பது பக்கம் தீர்ந்திருந்தால் அடுத்த நோட்டின் முதல் பக்கத்தில் ராடின் எடையையும், பின்அட்டையில் விட்டுப்போன நாட்களின் விதிகளையும் மறக்காமல் எடுத்தெழுதிக்கொள்ளுங்கள்.